டி-ஷர்ட் ஒண்ணு, கடந்து வந்த நாடு நாலு... லேபிள்ல யார் பேர் வரும்?

புது டி-ஷர்ட் வாங்கினதும் நம்மில் பாதிப் பேர் செய்யும் முதல் வேலை, கழுத்துக்குப் பின்னால் உறுத்துகிற லேபிளைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிவது. அடுத்த முறை வெட்டுவதற்கு முன்னால் அதில் இருக்கும் நாட்டின் பெயரை ஒருமுறை பாருங்கள். 'மேட் இன் பங்களாதேஷ்', 'மேட் இன் வியட்நாம்', 'மேட் இன் இந்தியா'... ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஆனால், முழுக்க முழுக்க ஒரே நாட்டில் உருவான டி-ஷர்ட் என்பது இன்று அபூர்வம்.

பருத்தி ஒரு நாட்டில் விளைகிறது. நூலாவது இன்னொரு நாட்டில். அந்த நூல் துணியாகி, சாயமேறி, வேறெங்கோ கட்டிங் ஆகி, மற்றோர் இடத்தில் தைக்கப்படுகிறது. ஜிப்பும் பட்டனும் எங்கிருந்து வந்தன என்று ஆரம்பித்தால் உலக வரைபடமே தேவைப்படும். அமெரிக்கப் பேராசிரியர் பியட்ரா ரிவோலி, ஃப்ளோரிடாவில் வாங்கிய ஒரு மலிவு விலை டி-ஷர்ட்டின் பூர்வீகத்தைத் தேடிப் போய் 2005-ல் ஒரு புத்தகமே எழுதினார். பருத்தி விளைந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில். துணியாகித் தைக்கப்பட்டது சீனாவில். நெஞ்சில் இருந்த கிளி படம் அச்சானது மறுபடியும் அமெரிக்காவில், மயாமியில். விற்றதும் அங்கேதான். லேபிளில் இருந்தது என்னவோ சீனா மட்டும்தான்.

விளைவித்தவரும் அச்சடித்தவரும் விற்றவரும் அமெரிக்கர்களாக இருக்க, சீனாவின் பெயர் மட்டும் எப்படி வந்தது? இதைத் தயாரிப்பு நிறுவனம் தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. இறக்குமதி செய்யும் நாட்டின் சட்டம்தான் முடிவு செய்கிறது. அந்த முடிவைப் பொறுத்துதான் வரி, அனுமதி, தடை எல்லாமே. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், எந்த ஊரில் யாருக்குத் தையல் வேலை கிடைக்கும் என்பதும்.

தைத்த இடமே தாய்நாடு

இந்த விஷயத்தை அமெரிக்காவை வைத்தே பேசலாம். துணிமணிகளுக்கு என்று தனியாக, இவ்வளவு நுணுக்கமாக விதி எழுதி வைத்திருப்பவர்கள் அவர்கள். திருப்பூரின் பெரிய வாடிக்கையாளரும் அவர்கள்தான். அமெரிக்க ஃபெடரல் விதித் தொகுப்பில் 102.21 என்ற பிரிவு இருக்கிறது. ஏணிப்படி மாதிரி எழுதப்பட்ட விதி அது. முதல் படியில் பதில் கிடைக்காவிட்டால் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

எல்லாமே ஒரே நாட்டில் நடந்திருந்தால் பிரச்னையே இல்லை. அப்படி இல்லையென்றால், முதலில் கேட்கப்படும் கேள்வி: இந்த உடை, மிஷினிலிருந்து வரும்போதே அதன் வடிவத்தோடு பின்னப்பட்டு வந்ததா? ஸ்வெட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒவ்வொரு பாகமும் அந்தந்த வடிவத்திலேயே பின்னப்பட்டு வரும். அப்படியென்றால், பின்னிய நாடுதான் அதன் நாடு. பாகங்களை வேறு எங்கே இணைத்தாலும் கவலையில்லை.

டி-ஷர்ட், சட்டை, பேன்ட் எல்லாம் அப்படி வருவதில்லை. துணியை விரித்து, வெட்டி, தைக்கிறோம். இவற்றுக்கு அடுத்த படி: மொத்தப் பாகங்களும் எந்த நாட்டில் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கப்பட்டனவோ, அதுவே அதன் நாடு. பருத்தி எங்கே விளைந்தது, நூல் எங்கே, சாயம் எங்கே, ஏன் கட்டிங் எங்கே நடந்தது என்பதுகூடக் கணக்கில் வராது. துணி செலவில் பாதியை விழுங்கியிருந்தாலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. ரிவோலியின் கிளி டி-ஷர்ட்டுக்கு மயாமி பிரின்ட்டிங் ஏன் உதவவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதிலேயே ஒரு சுவாரஸ்யமான சலுகை இருக்கிறது. காலர், கஃப், பாக்கெட் மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளை வேறு நாட்டில் தைத்துக் கொண்டுவந்தால் அது பெரிய விஷயமாகக் கருதப்படாது. எம்ப்ராய்டரி, மணி, ஜிகினா, பட்டன் எல்லாமே 'சில்லறை வேலை' கணக்குதான். அதாவது, காலரும் கஃபும் இந்தியாவில் தயாராகி, முன்பாகம், பின்பாகம், கை எல்லாம் இலங்கையில் சேர்ந்தால் அது இலங்கைச் சட்டை. ஒரு சுடிதார் டாப்ஸின் விலையே அதன் எம்ப்ராய்டரியில்தான் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். விதிக்குத் தெரியாது.

தோள் ஒரு நாட்டில், கை இன்னொரு நாட்டில் என்று தையலையே பிரித்துச் செய்திருந்தால்? 'மிக முக்கியமான' தையல் வேலை எங்கே நடந்தது என்று பார்ப்பார்கள். அதிலும் முடிவு வராவிட்டால், முக்கியமான வேலை கடைசியாக நடந்த நாடு. இங்கேதான் வக்கீல்களுக்கு வேலை. கப்பல் ஏறுவதற்கு முன்பே அமெரிக்க கஸ்டம்ஸிடம் எழுதிக் கேட்டு, அதிகாரபூர்வ பதில் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பதில்கள் இணையத்தில் பொதுவில் கிடக்கின்றன. எந்தப் பாகம் எங்கே வெட்டப்பட்டது, எந்தத் தையல் எந்த நாட்டில் விழுந்தது என்று ஒரு சட்டையின் வாழ்க்கை வரலாறு மாதிரி இருக்கும். அரசாங்கக் கடிதம் இவ்வளவு சுவாரஸ்யமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒரே ராத்திரியில் நாடு மாறிய சட்டைகள்

இந்த 'தைத்த இடம்' விதி ஒன்றும் காலங்காலமாக இருந்ததில்லை. 1996 ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்தது. அதுவரை, துணியைப் பாகம் பாகமாக வெட்டிய நாடுதான் பெரும்பாலான உடைகளுக்குச் சொந்த நாடு. வெட்டிய துண்டுகளைச் சும்மா சேர்த்துத் தைப்பது பெரிய வேலையாக மதிக்கப்படவில்லை.

இதை மிகச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டது ஹாங்காங். கட்டிங் ஹாங்காங்கில். துண்டுகள் எல்லை தாண்டி சீனாவுக்குப் போகும். அங்கே குறைந்த கூலிக்குத் தைத்து வாங்கி, ஹாங்காங் பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். ஜூன் 30 வரை ஹாங்காங் சட்டையாக இருந்தது, மறுநாள் சீனச் சட்டை ஆனது. துணி அதே, தையல் அதே, டெய்லரும் அதே. சட்டப் புத்தகத்தில் ஒரு பத்தி மட்டும் மாறியது.

ஸ்வெட்டர் விஷயத்தில் ஹாங்காங் இதைவிட முன்னதாகவே அடி வாங்கியிருந்தது. பாகங்களைச் சீனாவில் பின்னி, ஹாங்காங்கில் இணைத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1984-ல் அமெரிக்கா விதியை இறுக்கி, பின்னிய நாடே சொந்த நாடு என்று சொல்லிவிட்டது.

ஒரு லேபிளுக்கு ஏன் இத்தனை சண்டை? அப்போது வரி மட்டுமல்ல, கோட்டாவும் இருந்தது. 1974-லிருந்து பணக்கார நாடுகள், 'உன் நாட்டிலிருந்து வருஷத்துக்கு இத்தனை சட்டைதான்' என்று ஒவ்வொரு நாட்டுக்கும் எண்ணிக்கை வைத்திருந்தன. கோட்டா தீர்ந்த நாட்டின் பெயர் லேபிளில் வந்தால், சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். அதனால் கோட்டா மிச்சமிருக்கும் நாடாகத் தேடிப் போனார்கள். பங்களாதேஷ் ஆடைத்துறையின் கதை தொடங்குவதே இங்கேதான். தென்கொரியாவின் டேவூ நிறுவனம், 1979-ல் பங்களாதேஷின் தேஷ் கார்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கைகோத்தது. 130 பேர் கொரியாவுக்குப் போய் ஆறு மாதம் தொழில் பழகிவந்தார்கள். கொரியாவுக்கு இருந்த கோட்டா கட்டுப்பாடு பங்களாதேஷுக்கு அப்போது இல்லை. பருத்தி விளைச்சல் பெரிதாக இல்லாத ஒரு நாடு, உலகின் முன்னணி ஆடை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு விதை.

கோட்டா முறை 2005 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துபோனது. லேபிள் சண்டை முடியவில்லை.

இத்தாலி ஜெயித்தது, இந்தியா தோற்றது

1996 விதியில் துணிக்கும், துணியிலிருந்து அதிகத் தையல் இல்லாமல் நேரடியாக உருவாகும் ஸ்கார்ஃப், பெட்ஷீட் போன்றவற்றுக்கும் தனிக் கணக்கு வைத்தார்கள். நெய்த நாடுதான் சொந்த நாடு. பெட்ஷீட்டில் என்ன பெரிய தையல், ஓரம் மடித்து அடிப்பதுதானே என்பது நியாயமாகக்கூடத் தோன்றும்.

இத்தாலிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே கோமோ என்ற ஊர் பட்டுக்குப் பேர்போனது. சீனாவிலிருந்து வெள்ளைப் பட்டுத் துணியை வரவழைத்து, அதில் சாயம் ஏற்றி, டிசைன் அச்சடித்து, ஸ்கார்ஃபாக விற்பார்கள். ஒரு ஸ்கார்ஃபின் மொத்தப் பெருமையும் அந்தச் சாயத்திலும் அச்சிலும்தான். புது விதிப்படி அதில் 'மேட் இன் சைனா' என்று போட வேண்டும். அந்த விலைக்கு அந்த லேபிளோடு யார் வாங்குவார்கள்? ஐரோப்பிய யூனியன் 1997-ல் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. பேச்சுவார்த்தை நடந்தது. 2000-ல் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தியது. சாயமும் ஏற்றி, அச்சும் அடித்து, கூடவே இரண்டு ஃபினிஷிங் வேலைகளும் செய்தால் போதும், அந்த நாடே சொந்த நாடு. கோமோவுக்கு 'மேட் இன் இத்தாலி' திரும்பக் கிடைத்தது.

அந்தத் திருத்தத்திலேயே ஒரு வரி இருந்தது. பெட்ஷீட் போன்ற தயாரிப்புகளில் பருத்தி, கம்பளி இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. கலப்புத் துணியாக இருந்தாலும், அதில் எடைக்கு 16 சதவிகிதமோ அதற்கு மேலோ பருத்தி இருந்தால் கிடையாது.

பருத்தி என்றால் யாருக்கு அடி என்று சொல்ல வேண்டியதில்லை. கரூரில் நெய்த பருத்தித் துணியை ஒரு போர்ச்சுகல் கம்பெனி வாங்கி, அங்கே சாயமேற்றி, அச்சடித்து, ஓரம் அடித்து, பெட்ஷீட்டாக அமெரிக்காவுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இந்தியாதான் சொந்த நாடு. இந்தியாவின் கோட்டாவில்தான் கழியும். லாபம் போர்ச்சுகலுக்கு, கணக்கு நமக்கு. அப்புறம் அந்த போர்ச்சுகல் கம்பெனி நம்மிடம் துணி வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசிக்காதா?

இந்தியா 2002-ல் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 'பட்டுக்கு ஒரு நியாயம், பருத்திக்கு ஒரு நியாயமா? இது உள்நாட்டு ஜவுளித் தொழிலைப் பாதுகாக்கப் போட்ட விதி' என்பதே வாதத்தின் சாரம். 2003 ஜூனில் தீர்ப்பு. சர்வதேச ஒப்பந்தத்தை அமெரிக்கா மீறியதாக இந்தியா நிரூபிக்கவில்லை என்று நடுவர் குழு சொல்லிவிட்டது. இந்தியா அப்பீலுக்குப் போகவில்லை. தீர்ப்பின் சட்ட நுணுக்கங்களுக்குள் நான் போகவில்லை. ஆனால், 16 சதவிகிதம் என்று யோசித்து எழுதியவருக்கு ஏற்றுமதிப் பட்டியல் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

'மேட் இன் யு.எஸ்.ஏ', ஆனால்...

நாட்டின் பெயர் உண்மையாக இருந்தும் லேபிள் ஏமாற்ற முடியும். பசிஃபிக் பெருங்கடலில் சைபன் என்று ஒரு குட்டித்தீவு இருக்கிறது. அமெரிக்க ஆளுகைக்கு உட்பட்ட வடக்கு மரியானா தீவுகளில் ஒன்று. அங்கே தைத்தால் அமெரிக்க லேபிள் போடலாம், கோட்டா கிடையாது, வரியும் கிடையாது. ஆனால், அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் அப்போது அங்கே முழுமையாகச் செல்லாது. 1980-களில் தொழிற்சாலைகள் முளைத்தன. உச்சத்தில் 30-க்கும் மேல். தைத்தவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்தும் மற்ற ஆசிய நாடுகளிலிருந்தும் கடன் வாங்கி, ஏஜென்டுக்குப் பணம் கட்டி வந்த பெண்கள்.

1999-ல் தொழிலாளர்கள் சார்பில் பெரிய பிராண்டுகள் மீது வழக்குகள் போடப்பட்டன. கடைசியில் 2 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. 2005-ல் கோட்டா ஒழிந்ததும் சைபனுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல்போனது. 2009-ல் கடைசித் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

இத்தாலியின் பிராட்டோ நகரத்திலும் இதே சாயல் உண்டு. சீனர்கள் நடத்தும் ஆயிரக்கணக்கான பட்டறைகள் அங்கே இருக்கின்றன. 2013 டிசம்பரில் அப்படியொரு பட்டறை தீப்பிடித்து, அங்கேயே தங்கியிருந்த சீனத் தொழிலாளர்கள் ஏழு பேர் இறந்தார்கள். அங்கே தைப்பது எல்லாமே சட்டப்படி 'மேட் இன் இத்தாலி'தான்.

திருப்பூர் கணக்கு

2025 ஆகஸ்ட் 27-ம் தேதி, இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவிகிதத்தைத் தொட்டது. அதே நேரத்தில் பங்களாதேஷுக்கும் இலங்கைக்கும் கூடுதல் வரி 20 சதவிகிதம். காட்டன் டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவிகித வரி உண்டு. ஆக, அப்போது துறைமுகத்தில் 5 டாலர் மதிப்புள்ள ஓர் இந்திய டி-ஷர்ட்டுக்கு வரி மட்டுமே 3.30 டாலருக்கு மேல். அதே டி-ஷர்ட் பங்களாதேஷில் தைத்தது என்றால் சுமார் 1.80 டாலர். ஒரு பீஸுக்கு ஒன்றரை டாலர் வித்தியாசம். சென்ட் கணக்கில் பேரம் பேசுகிற தொழிலில் ஒன்றரை டாலர் என்பது யானை.

இப்போது மேலே பார்த்த ஏணியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். திருப்பூரில் நூல் வாங்கி, நிட்டிங் செய்து, சாயப்பட்டறையில் சாயமேற்றி, துணியை அப்படியே இலங்கைக்கு அனுப்பி, அங்கே தைத்தால் அது சட்டப்படி இலங்கை டி-ஷர்ட். இதில் திருட்டுத்தனம் எதுவுமில்லை. விதியே அதுதான். இங்கேயே தைத்து முடித்த பீஸை அங்கே கொண்டுபோய் லேபிள் மட்டும் மாற்றினால்தான் குற்றம். அப்படிச் சுற்றி வரும் சரக்குக்கு 40 சதவிகிதம் கூடுதல் வரி என்று 2025 உத்தரவிலேயே இருந்தது.

இந்த ஏற்பாட்டில் இங்கே மிஞ்சுவது எது, கைவிட்டுப் போவது எது? நிட்டிங் மிஷினும் சாயப்பட்டறையும் இங்கே ஓடும். போவது பவர் டேபிள். ஓவர்லாக், ஃப்ளாட்லாக், கைமடி, செக்கிங், பேக்கிங் என்று ஒரு பனியன் கம்பெனியில் ஆள் அதிகமாக உட்காரும் இடம் அதுதான். அதிலும் பெண்கள் அதிகம். அமெரிக்க விதி 'தைத்த இடம்' என்று சொல்லும்போது, அது உண்மையில் இந்தப் பெண்களின் நாற்காலி எந்த நாட்டில் போடப்பட்டிருக்கிறது என்றுதான் கேட்கிறது. வரி விகிதங்கள் பேச்சுவார்த்தைக்கேற்ப மாறுகிறவை. ஆனால், உடைகளுக்கான இந்தத் தையல் விதி 1996-லிருந்து மாறவில்லை.

ஐரோப்பாவுக்குப் போனால் கேள்வியே வேற

அதே சட்டை, அதே தையல்... சந்தை மாறினால் கணக்கும் மாறும். ஐரோப்பிய யூனியனில் துணி எந்த ஊருடையது என்று லேபிள் போடுவதே கட்டாயமில்லை. ஆனால், வரிச்சலுகை வேண்டுமென்றால் ஆவணம் காட்ட வேண்டும். அங்கே சாதாரணமாக உடைகளுக்கு 12 சதவிகிதம் வரை வரி. மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருப்பதால் பங்களாதேஷுக்கு அது பூஜ்ஜியம். 2011-லிருந்து இன்னும் எளிது. துணியைச் சீனாவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வாங்கி, வெட்டித் தைத்தாலே போதும்.

இலங்கைக்கும் சலுகை உண்டு. மனித உரிமைப் பிரச்னையால் 2010-ல் பறிபோய், 2017-ல் திரும்பக் கிடைத்தது. ஆனால், பங்களாதேஷுக்கு ஒரு படி என்றால் இலங்கைக்கு இரண்டு படி. துணியை உருவாக்குவதும் அங்கே நடக்க வேண்டும், தைப்பதும் நடக்க வேண்டும். சீனத் துணியை வாங்கி கிளிநொச்சியில் தைத்தால் அது இலங்கைச் சட்டைதான், ஆனால் சலுகை கிடையாது. பங்களாதேஷ் பின்தங்கிய பட்டியலிலிருந்து வெளியேற 2026 நவம்பரை ஐ.நா. நாளாகக் குறித்திருந்தது. வெளியேறிய பிறகும் ஐரோப்பா மூன்று வருடம் அவகாசம் தரும். அதற்குப் பிறகு டாக்காவுக்கும் இந்த இரண்டு படிக் கவலை வந்துவிடும்.

நம்ம ஊர் மால்களில் ஜீன்ஸைத் திருப்பிப் பார்த்தால் அடிக்கடி பங்களாதேஷ் கண்ணில் படுகிறது இல்லையா? தெற்காசிய ஒப்பந்தப்படி அங்கிருந்து வரும் உடைகளுக்கு இங்கே சுங்க வரி இல்லை. 'சீனத் துணி, பங்களாதேஷ் தையல் போட்டுக்கொண்டு வரியில்லாமல் உள்ளே வருகிறது' என்பது நம் ஜவுளித்துறையினரின் நீண்டநாள் புகார். சலுகை கேட்கும் இறக்குமதியாளர், பொருளின் பூர்வீகத்துக்கான தகவலைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று 2020 செப்டம்பரில் விதி வந்தது. 2025 மே மாதத்தில், பங்களாதேஷ் ஆயத்த ஆடைகள் தரைவழியாக வருவதை இந்தியா நிறுத்தி, கொல்கத்தா, மும்பை நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் அனுமதித்தது.

லேபிள் சொல்லாதவை

தைத்த நாட்டை மட்டும் சொல்வதால் லேபிளுக்குள் ஒளிந்துகொள்ளும் பெரிய விஷயம், பருத்தி. உலகப் பருத்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சீனாவின் ஜின்ஜியாங் பகுதியில் விளைகிறது. அங்கே உய்குர் மக்கள் கட்டாய வேலை வாங்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டால், 2022 ஜூனிலிருந்து அங்கிருந்து வந்த எதுவும் துளியளவு கலந்திருந்தாலும் அமெரிக்காவுக்குள் தடை. கட்டாய உழைப்பு இல்லை என்பதை இறக்குமதியாளர்தான் நிரூபிக்க வேண்டும். வியட்நாமில் தைத்த சட்டைக்கு வியட்நாம் லேபிள் சரியானதே. ஆனால், அதன் நூலில் ஜின்ஜியாங் பருத்தி இருந்தால் உள்ளே விட மாட்டார்கள். லேபிளில் பதில் இல்லாததால் துணியையே லேபுக்கு அனுப்புகிறார்கள். விளைந்த இடத்தின் தண்ணீரும் மண்ணும் பருத்தியில் விட்டுச்செல்லும் ஐசோடோப் தடயங்களை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கும் சோதனை அது.

இன்னொன்று, கட்டடம். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, இடிபாடுகளுக்குள் கிடந்த பிராண்ட் லேபிள்களைப் பொறுக்கி எடுத்துதான், எந்தெந்த நிறுவனங்களின் உடைகள் அங்கே தைக்கப்பட்டன என்று ஆர்வலர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. 'மேட் இன் பங்களாதேஷ்' என்பது பாதுகாப்பான தொழிற்சாலைக்கும் அதே லேபிள், விரிசல் விட்ட கட்டடத்துக்கும் அதே லேபிள். அதற்குப் பிறகுதான் பல பிராண்டுகள் தங்கள் தொழிற்சாலைப் பட்டியலை இணையத்தில் வெளியிட ஆரம்பித்தன. பிடித்த பிராண்டின் வெப்சைட்டில் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பொய் லேபிளைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவுக்குப் போகும் ஒவ்வொரு சரக்கின் ஆவணத்திலும் தயாரிப்பாளர் குறியீடு ஒன்று இருக்கும். அதன் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும். நடுவில் இருக்கும் டிரேடிங் கம்பெனியின் குறியீட்டைப் போட முடியாது. நிஜமாகவே தைத்தவருடையது வேண்டும். சந்தேகம் வந்தால் அமெரிக்க கஸ்டம்ஸ் குழு அந்த நாட்டுத் தொழிற்சாலைக்கே நேரில் வரும். கட்டிங் பதிவு, வருகைப் பதிவேடு, சம்பளக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். பத்து மிஷின் வைத்துக்கொண்டு மாதம் லட்சம் பீஸ் ஏற்றுமதி காட்டினால் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நாட்டின் பெயரைச் சரியாகக் குறிக்காத சரக்கைத் திருத்தாமல் விட்டால் 10 சதவிகிதம் தனி வரியும் உண்டு.

நாம் வாங்கும்போது பார்க்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. இந்தியாவில் ஆன்லைனில் விற்கும் இறக்குமதிப் பொருளுக்கு, எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதை அந்தப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது 2020-லிருந்து விதி. பேக் செய்யாமல் தொங்கவிட்டு விற்கும் உடைகளுக்கு 2022-ல் பல விவரங்களிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். ஆனால், இறக்குமதி என்றால் நாட்டின் பெயர், விலை, சைஸ், நிறுவனத்தின் முகவரி நான்கும் இருந்தே ஆக வேண்டும். அமெரிக்க வெப்சைட்களில் நாட்டின் பெயர் இல்லாமல் வெறும் 'இம்போர்ட்டட்' என்று மட்டும் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏமாற்று அல்ல. விற்பனைப் பக்கத்தில் அவ்வளவு சொன்னால் போதும் என்று அவர்கள் சட்டம் அனுமதிக்கிறது. நாட்டின் பெயர் துணியில் தைத்த லேபிளில்தான் இருக்கும். 'டிசைன்டு இன்' என்று பெரிய எழுத்தில் இருக்கும் ஊரை நம்பி விடாதீர்கள். அது கம்ப்யூட்டர் இருந்த ஊர், தையல் மிஷின் இருந்த ஊர் அல்ல.

திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால் ஏற்றுமதி சர்ப்ளஸ் டி-ஷர்ட்களில் பிராண்ட் லேபிளைப் பாதியாக வெட்டி வைத்திருப்பார்கள். பிராண்ட் பெயர் தெரியக் கூடாது என்பதற்காக. ஆனால், உள்பக்கம் இடுப்புத் தையலோரம் இருக்கும் வாஷ்கேர் லேபிளைப் பல சமயம் விட்டுவிடுவார்கள். அதில் 'ஆர்.என்' என்று ஆரம்பித்து ஓர் எண் இருந்தால், அது அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் கொடுத்த பதிவு எண். அவர்களின் வெப்சைட்டில் அந்த எண்ணைப் போட்டால், எந்த அமெரிக்க நிறுவனத்துக்காக அது தைக்கப்பட்டது என்று இலவசமாகவே காட்டும். யார் தைத்தார்கள் என்று காட்டாது.